லீலாவின் இரண்டாவது கக்கூஸ்

சேரப்பணஞ்சேரியில் லீலாவைக் கண்டால் தெருவே ஒதுங்கிப் போகும். அவள் பயப்படுவது அவளிடம் வாடகைக்கு இருக்கும் பெண்களுக்கு மட்டும்தான்.

நிலம் கம்பெனிக்குப் போனது. புருஷனும் போய்ச் சேர்ந்தார். மிஞ்சிய கொல்லையில் வரிசையாக அறைகள் கட்டி, ஒரகடம் கம்பெனிப் பெண்களைக் குடிவைத்தாள். அந்த வாடகையில்தான் மகளைக் கட்டிக்கொடுத்தாள். எல்லாம் யோசித்துச் செய்தவள் கக்கூஸை மட்டும் ஒன்றோடு நிறுத்திவிட்டாள். காலை ஷிப்ட் பஸ் வரும் நேரம் அதன் வாசலில் நடக்கும் சண்டை எங்கள் வீடு வரை கேட்கும்.

“இன்னொண்ணு கட்டலைன்னா எல்லாரும் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ரூம் பாத்துப் போயிருவோம்க்கா,” என்றாள் இசக்கிசெல்வி. திருநெல்வேலிப் பெண், சொன்னால் செய்வாள். அறைகள் காலியானால் லீலா வீட்டில் உலை கொதிக்காது.

செப்டிக் டேங்குக்குக் குழி தோண்ட ஆள் வந்தது. இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை ‘தொம்’ என்றது. மண்ணை விலக்கினால், வளைத்துக் கட்டிய பழைய செங்கல் கூரை. ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்த்தோம். கீழே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு அறை, அதில் ஒரு தவளை. வேறொன்றுமில்லை.

எதிர்வீட்டுப் பரசுராமனுக்கு அது போதவில்லை. “அம்மா உள்ள குந்திகினு கீறா!” என்று செங்கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். சாயங்காலத்துக்குள் வேப்பிலை, எலுமிச்சம்பழம், ஒரு கமிட்டி. தலைவர் அவரேதான். புற்றுமண் போல அந்த மண்ணை நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொண்டார்.

“அப்போ என் கக்கூஸு?” என்றாள் லீலா.

“அம்மா தலை மேலயா? வாய கழுவு!”

மறுநாள் கற்பூரம் காட்டி முடியும் வரை லீலா பொறுத்திருந்தாள். பிறகு கூட்டத்தின் நடுவே பெருமூச்சு விட்டாள். “இன்னாத்த சொல்றது! அந்தக் காலத்துல இங்க ஒரு தொர பங்களா இருந்துச்சாம். இது அவுங்க கக்கூஸ் தொட்டின்னு என் மாமியா சொல்லும். ஆசையா கும்புடறீங்களேன்னு வாய மூடிகினு இருந்தேன்.”

மாமியார் செத்துப் பல வருஷம் ஆகிறது, போய்க் கேட்க வழியில்லை. கமிட்டி அங்கேயே கலைந்தது. பரசுராமன் குழாயடியில் நின்று வெகுநேரம் வாயைக் கழுவினார்.

கக்கூஸ் வந்துவிட்டது. ஆனால் லீலா அந்தச் செங்கல் அறையை உடைக்கவில்லை. மண் போட்டு மூடிவிட்டு, டேங்க்கைத் தள்ளித் தோண்டச் சொன்னாள். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கக்கூஸின் பின்சுவரோரம் கற்பூரம் கொளுத்துகிறாள்.

“யாருக்குக்கா, தொரைக்கா?” என்று சிரித்தாள் இசக்கிசெல்வி.

“மெதுவா பேசுடி. நான் சொன்னது பொய்யி. அந்தாளு சொன்னது நெசமா இருந்துட்டா?”