விமான நிலையத்திலிருந்து தனியாக வருவது

நான் வசிக்கும் ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில் விமான நிலையத்துக்கு ரயில் போகிறது. அந்த ரயிலில் டிக்கெட் பார்ப்பது என் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒன்று மிகவும் விநோதமாகப் பட்டது. பெரிய பெரிய பெட்டிகளோடு ஏறுகிறவர்கள் எல்லோரும் தனியாகவே ஏறினார்கள். ஒரு நாள் வயதான ஒருவர் இரண்டு பெட்டிகளைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஃபின்னிஷ் மொழியில், "உங்களோடு யாரும் வரவில்லையா?" என்று கேட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. பையிலிருந்து டிக்கெட்டை மறுபடியும் எடுத்து நீட்டி, "நான் ஒருவன்தான் போகிறேன்" என்றார். டிக்கெட் இல்லாமல் யாரையோ ஒளித்து வைத்திருப்பதாக நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

நான் முதன்முதலாகத் திருச்சியில் விமானம் ஏறிய நாளில் என்னை வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக் கடை வைத்திருந்த சித்தப்பா கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். வந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் எந்த நாட்டுக்குப் போகிறேன் என்று தெரியாது. விமான நிலையம் என்றால் அப்படித்தான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இந்த வருடம் ஊருக்குக் கிளம்பும் முன்பு, ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அண்ணனோடு போனில் பேசும்போது இந்தப் பேச்சு வந்தது. திருச்சி விமான நிலையத்துக்கு இவ்வளவு பெரிய புது முனையம் கட்டியிருக்கிறார்களே, புதுக்கோட்டை போகும் ரயில் பாதையும் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே ஒரு ரயிலை நிறுத்தினால் என்ன என்று கேட்டேன். "நமக்கு எதுக்கு ரயிலு? கூட்டிட்டு வர நான் இருக்கேன்ல" என்றார் அண்ணன். விமான நிலைய ரயிலில் சம்பாதித்துச் சாப்பிடுகிறவள் நான். கொஞ்சம் ரோசம் வந்துவிட்டது. இந்த நகரத்துக்கு அப்படி ஒரு ரயில் வேண்டுமா வேண்டாமா என்று நேரிலேயே பார்த்துவிடும் ஆசையும் வந்தது. "இந்தத் தடவை யாரும் வராதீங்க. பஸ்ஸும் ட்ரெயினுமா நானே வந்துடறேன்" என்றேன். அண்ணன் "என்மேல எதுவும் கோவமாம்மா?" என்று கேட்டார்.

விமானம் காலையில் இறங்கியது. வெளியே தடுப்புக்கு அப்பால் எப்போதும்போலக் கூட்டம். யாரும் என்னைத் தேடவில்லை என்பதே புதிதாக இருந்தது. பெட்டியை உருட்டிக்கொண்டு சாலைக்கு வந்தேன். பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்பே ஒருவர் நின்றிருந்தார். கயிறு போட்டுக் கட்டிய பெரிய அட்டைப் பெட்டி பக்கத்தில் இருந்தது. பெயர் செல்வராஜ், ஜீயபுரத்துக்காரர், ஷார்ஜாவிலிருந்து வருகிறார்.

"உங்களுக்கும் வண்டி வரலீங்களா?" என்றார்.

"வேண்டாம்னு சொல்லிட்டேங்க."

"நான் வர்றதே யாருக்கும் தெரியாதுங்க" என்றார். பிறகு அவராகவே சொன்னார். "ஒவ்வொரு லீவுக்கும் மாலையோட வருவாங்க. இப்ப கம்பெனிய மூடிட்டாங்க. வேலை போயி வர்றவனுக்கு மாலை போட்டா எப்படிங்க இருக்கும்? வீட்டுக்குப் போயி, குளிச்சுட்டு, மெதுவா சொல்லிக்கலாம்னு இருக்கேன்."

ஹெல்சின்கி ரயிலைப் பற்றிச் சொன்னேன். விமான நிலையத்துக்கு அடியிலேயே நடைமேடை, ஏறி உட்கார்ந்தால் யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்றேன்.

"இங்கயும் அப்படி ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்" என்றார். அவர் குரலில் ஏக்கம் இருந்தது.

ரயில் இணைப்பு வேண்டும் என்பவர்கள் நெரிசலைச் சொல்வார்கள், நேரத்தைச் சொல்வார்கள். ஒருவர் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குப் போய்ச் சேரலாம் என்பதை நான் எங்கும் கேட்டதில்லை. தினமும் அந்த ரயிலில் போய் வருகிற எனக்கே தோன்றியதில்லை.

பஸ் வந்தது. அட்டைப் பெட்டியைப் பார்த்துக் கண்டக்டர் முணுமுணுத்தார், பிறகு அவரே ஒரு பக்கம் பிடித்து ஏற்றினார். ஜங்ஷனுக்கு டிக்கெட் கேட்டேன், அங்கிருந்து ரயிலில் ஸ்ரீரங்கம் போவேன் என்றேன்.

"ஸ்ரீரங்கத்துக்கு ட்ரெயினா?" கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊருக்குப் புதுசாங்க? சத்திரம் போயி ஒண்ணாம் நம்பர் பஸ்ஸப் புடிங்க."

பிறந்து வளர்ந்த ஊரில் வழி சொல்லப்பட்டவளாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. "செல்வண்ணே! நீங்களா? என்ன ஒண்டியா வர்றீங்க, அண்ணி வரலையா?"

விமான நிலையத்தில் துப்புரவு வேலை முடித்து வீட்டுக்குப் போகும் பெண், சுகந்தி. செல்வராஜின் தெருவாம். அவர் ஏதோ சொல்லிச் சமாளிப்பதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் செல்வராஜின் போன் அடித்தது. மனைவியின் குரல் எனக்கே கேட்டது.

"ஏங்க, பஸ்ல இருக்கீங்களாமே? லீவா?"

"லீவு இல்ல பரிமளா." அவர் குரல் இறங்கியது. "முடிச்சுட்டு வந்துட்டேன்."

செல்வராஜ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு, "சத்திரத்துல எறங்கி அங்கயே நில்லுங்க. வேற பஸ்ல ஏறினீங்கன்னா பாருங்க" என்று பரிமளாவின் குரல் கேட்டது. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

சத்திரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்கள் வந்து வந்து போயின. நான் ஏறவில்லை. என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் எப்படிப் போவது? செல்வராஜ் எனக்கு டீ வாங்கித் தந்தார். தனக்கு வாங்கியதைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். பிறகு பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார்.

வந்தது வேன் இல்லை, வாழைத்தார் ஏற்றும் சின்ன லோடு வண்டி. பின்னால் காய்ந்த சருகுகளுக்கு நடுவே செல்வராஜின் அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் நின்றிருந்தார்கள். மாலை இல்லை. பரிமளா இறங்கி வந்து முதலில் அட்டைப் பெட்டியைப் பார்த்தாள். "இதத் தூக்கிக்கிட்டா பஸ்ல வந்தீங்க?" என்றாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். "வேலை போனா வீட்டுக்கு வரக் கூடாதா? நாங்க யாருமே இல்லையா?"

செல்வராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய அண்ணன் வண்டியிலிருந்தபடியே, "தாரு வெட்ட ஆளே கெடைக்கலடா. நாளைக்கே தோட்டத்துக்கு வந்துடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செல்வராஜும் சிரித்தார்.

"இவங்க யாரு?" என்று பரிமளா என்னைக் காட்டினாள்.

"ஃபாரின்லேருந்து வர்றாங்க. அவங்களும் கூட்டிட்டுப் போக யாரும் வேணாம்னுட்டாங்க."

பரிமளா சட்டென்று என் கையைப் பிடித்தாள். "அய்யய்யோ, உங்களுக்கும் வேலை போயிடுச்சாக்கா?"

இல்லை என்றேன். ரயிலைப் பற்றி விளக்கினேன். யார் கேட்டது? என் பெட்டி அதற்குள் வண்டியில் ஏறிவிட்டது. ஸ்ரீரங்கத்துக்கும் ஜீயபுரத்துக்கும் வழி வேறு வேறு என்றேன். "பாலத்தத் தாண்டினா வந்துடும், ஏறுங்கக்கா" என்று என்னைத் தன் பக்கத்தில் இடுக்கி உட்கார வைத்துக்கொண்டாள்.

வண்டி காவிரிப் பாலத்தில் போகும்போது யோசித்தேன். இந்த நகரத்துக்கு விமான நிலைய ரயில் வேண்டும் என்றே இப்போதும் நினைக்கிறேன். செல்வராஜைப் போல யாருக்கும் சொல்லாமல் வர விரும்புகிறவருக்கு அந்த வழி இருக்க வேண்டும். ஆனால் அந்த ரயிலிலும் ஒரு சுகந்தி இருப்பாள். ஹெல்சின்கியில் தண்டவாளம் போட்டதால்தான் மனிதர்கள் தனியாக வருகிறார்களா, தனியாக வருகிறவர்கள் என்பதால் தண்டவாளம் போட்டார்களா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் என் அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். வாழைச் சருகு உதிர உதிர வந்து நின்ற வண்டியிலிருந்து நான் இறங்குவதைத் தெருவே பார்த்தது. அண்ணன் என் இடது தோளில் இருந்த பையைப் பற்றி இழுத்தார். வண்டியில் இருந்த பரிமளா என் வலது கையை விடவில்லை.

"அண்ணே, அக்காவத் திட்டாதீங்க. இங்கயே வேற வேலை பாத்துக்கலாம்" என்றாள்.

அண்ணன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கவலையோடு கூடவே ஒரு நிமிடம் சந்தோஷமும் வந்துபோனது. எனக்கு வேலை இருக்கிறது, அடுத்த மாதம் திரும்பிப் போகிறேன் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பிடித்திருந்த கைகளுக்கு நடுவே, வாய் திறக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.