தட்டோடு மாதா கோயிலுக்குள் ஓடிய நெவென்கா

நெவென்காவுக்கு உடம்பெல்லாம் காது. எங்கள் துறைமுகத்து உணவகத்தில் இருபது வருடமாகப் பரிமாறுகிறாள். பதினோரு மேசைக்கு என்னென்ன என்பதை எழுதாமலே மனதில் வைத்திருப்பாள். மீன்சூப்போடு போகும்போது மூலையில் யாராவது தொண்டையைச் செருமினாலும் திரும்பிவிடுவாள். பரிமாறுவதற்கு இதைவிட நல்ல குணம் கிடையாது. பந்தயத்துக்கு இதைவிடக் கெட்ட குணமும் கிடையாது.

ஜூன் மாதம் பரிமாறுபவர்களுக்கு எங்கள் ஊரில் ஓட்டப் பந்தயம். தட்டில் ஒரு பாட்டில், விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய மூன்று கண்ணாடித் தம்ளர்கள். துளி சிந்தாமல் ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். தொடர்ந்து நான்கு வருடம் எதிர்க்கடை ஸ்வோன்கோதான் ஜெயித்தான். நெவென்காவோ வழியில் எவர் கை தூக்கினாலும் நின்று, "என்ன வேணும்?" என்று கேட்பாள். போன வருடம் தட்டிலிருந்த தண்ணீரையே ஒரு ஜெர்மன்காரருக்குக் கொடுத்துவிட்டாள்.

"காதுல பஞ்சை அடைச்சுக்கடி," என்றேன். நான் அதே கடையில் சமையல் செய்பவள். "ஸ்வோன்கோ முதுகை மட்டும் பாரு."

"அவன் முதுகுல பாக்க என்னடி இருக்கு?"

"அப்போ முந்திப் போயிடு, பாக்கவே வேணாம்!"

பந்தயத்தன்று பஞ்சு வேலை செய்தது. இரண்டாவது திருப்பத்திலேயே ஸ்வோன்கோவை முந்திவிட்டாள். நான் சைக்கிளில் பின்னால் கத்திக்கொண்டே போனேன். அப்போது மாதா கோயிலிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வெளியே வந்து தெருவையே அடைத்துக்கொண்டது. "இடப்பக்கம்! மீன்சந்தை வழியா!" என்று பந்தயம் நடத்துபவர்கள் கூவினார்கள். எல்லோரும் திரும்பினார்கள். நெவென்காவுக்கு எங்கே கேட்டது? நேரே போய் மணப்பெண்ணின் முக்காட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றாள்.

பஞ்சைப் பிடுங்கினாள். கல்யாணக்காரர்களின் அக்கார்டியன் வாத்தியச் சத்தம் அவள்மேல் கொட்டியது.

"வழிய மாத்திட்டாங்கடி! திரும்பு!" என்றேன்.

"திரும்பினா தோத்துடுவேன்!"

தட்டைத் தலைக்கு மேல் தூக்கினாள். கைகோத்துச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குள் நுழைந்தாள். மாப்பிள்ளையின் மாமன் கையைப் பிடித்து அரைச் சுற்று ஆடினாள். கோயில் வாசல் வந்ததும் கையை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். சைக்கிளைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன். டோன் ஃப்ரானே சாமியார் மெழுகுவர்த்தி அணைத்துக்கொண்டிருந்தார்.

"பூசை முடிஞ்சிடுச்சேம்மா!"

"பின்கதவு திறந்திருக்கா சாமி?"

அவரே அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடித் திறந்துவிட்டார். அத்தனை அவசரத்திலும் நெவென்கா பீடத்துக்கு முன்னால் ஒரு முழங்காலை மடக்கி வணங்கிவிட்டுத்தான் போனாள். தண்ணீர் அசையவில்லை.

பின்கதவுக்கு வெளியே நீரூற்றுச் சதுக்கம். பந்தயம் முடிகிற இடம் அதுதான். அவள் நீரூற்றைத் தொட்டபோது ஸ்வோன்கோ இன்னும் இருபதடி தூரத்தில், சட்டையெல்லாம் நனைந்து வந்துகொண்டிருந்தான்.

"நான் மீன்மேல வழுக்கிக்கிட்டு வர்றேன், இவ பூசை பாத்துட்டு வர்றா!" என்று சிரித்தபடியே உட்கார்ந்துவிட்டான்.

இது செல்லுமா என்று நடுவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டார்கள். படகுத்துறையில் தொடங்கி நீரூற்றில் முடிக்க வேண்டும், சிந்தக் கூடாது என்றுதான் விதித்தாளில் இருந்தது. எந்த வழி என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்குள் கல்யாணக் கூட்டமே பின்கதவு வழியாக வந்து அவளைத் தோளில் தூக்கிவிட்டது.

"பஞ்சு இல்லேன்னா முன்னாடி வந்திருக்க மாட்டேன்டி," என்று மேலேயிருந்து கத்தினாள், "பஞ்சை எடுக்கலேன்னா வந்தே சேர்ந்திருக்க மாட்டேன்!"

கோப்பை அவளுக்குத்தான். அடுத்த வருட விதித்தாளில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: வழிபாட்டிடங்களுக்குள் ஓடக் கூடாது.