பீரோவில் வைத்த தேயிலை

பாரில் வேலை செய்கிறவனுக்கு நாக்குதான் சோறு போடுகிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுத்தப் பேத்தல். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று நாக்குக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மிச்சம் அத்தனையும் மூக்கு பார்க்கிற வேலை. மாஸ்டருக்கு அந்த மூக்குதான் போய்விட்டது.

அவரை மாஸ்டர் என்று கூப்பிடாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. பெரிய ஓட்டல் ஒன்றின் பாரில், கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, தலை நரைக்கும்வரை காக்டெயில் கலந்தவர். நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவாரே தவிர ஒரு மிடறு விழுங்கமாட்டார். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு காய்ச்சல் வந்தது, ஊரில் எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தான். போகும்போது அவருடைய வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. "தானா வந்துரும்" என்றார் டாக்டர். எங்கே வந்தது? இஞ்சியை முகர்ந்தாலும் ஒன்றுதான், சாக்கடையை முகர்ந்தாலும் ஒன்றுதான் என்று ஆனபோது, முதுகுவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுவிட்டார். உண்மை தெரிந்தது வீட்டுக்காரி ஒருத்திக்குத்தான்.

வீட்டுக்காரி முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைக்கிறவள். இப்போது குடும்பம் ஓடுவது அந்த மெஷினில். மாஸ்டர் சும்மா இருப்பாரா? பாத்திரத்தை இப்படிக் கவிழ்க்கக் கூடாது, எலுமிச்சையை அப்படி நறுக்கக் கூடாது என்று அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வாய் நிறையப் பேசுகிற சாதியில்லை அவள்.

அந்தச் சமயத்தில்தான் கப்பலில் வேலை பார்க்கும் மருமகன் ஜப்பானிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தான். உள்ளே பழுப்பு நிறத்தில் காய்ந்த தேயிலை. "ஹோஜிச்சான்னு சொல்வாங்க மாமா. பச்சைத் தேயிலையை வறுத்தது." பொட்டலத்தை மாஸ்டர் பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு சத்தமில்லாமல் மனைவி பக்கம் நீட்டினார். அவள் முகர்ந்தாள். "வேர்க்கடலை வறுத்த சட்டி மாதிரி இருக்கு. அடியில லேசா வெல்லம் காய்ச்சின வாசனை" என்றாள். மாஸ்டருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதை விஸ்கியில் போட்டால் எப்படி இருக்கும் என்று அந்த நிமிஷமே ஓட ஆரம்பித்துவிட்டது மண்டை.

அன்றிலிருந்து சமையலறைதான் பார். ஷேக்கருக்குப் பதில் மூடி போட்ட ஜாம் பாட்டில், வடிகட்ட டீ வடிகட்டி. விஸ்கியில் இலையை ஊறப்போடுவார். சாராயம் தேயிலையைச் சட்டென்று பிழிந்துவிடும். கொஞ்சம் அசந்தால் கசப்பு ஏறிவிடும், கொஞ்சம் அவசரப்பட்டால் வாசனை இறங்காது. கசப்பை அவர் நாக்கு பார்த்துக்கொள்ளும். வாசனைக்கு? தைத்துக்கொண்டிருக்கிறவளை எழுப்பிக் கூட்டிவருவார். அவள் பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு, "இன்னும் சாராய நெடிதான் முன்னால வருது" என்பாள். திரும்பப் போய் உட்காருவாள். மறுபடி கூப்பிடுவார். "இப்ப எடுங்க" என்றால் வடிகட்டுவார். தேன்பாகு எவ்வளவு, ஆரஞ்சுத் தோல் வேண்டுமா என்பதையெல்லாம் அவள்தான் முகர்ந்து முகர்ந்து சொன்னாள். எலுமிச்சை வேண்டாம், வறுத்த வாசனையை அமுக்குகிறது என்று கண்டுபிடித்ததும் அவளே. அவர் அளந்தார், கலந்தார், குலுக்கினார்.

ஓட்டலில் கூட வேலை பார்த்த கேஷியர் ஒரு நாள் வந்து குடித்துப் பார்த்துவிட்டு அசந்துபோனார். "மாஸ்டர், கை இன்னும் அப்படியே இருக்கு" என்றார். மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டார். மெஷின் சத்தம் கொஞ்சம் நின்று மறுபடி ஓடியது.

கேஷியர் வாய் சும்மா இருக்குமா? விஷயம் கான்ட்ராக்டர் காதுக்குப் போனது. பழைய பாரில் தினமும் வந்து உட்கார்ந்த மனிதர், இப்போது சொந்தமாக ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார். போனில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கே வந்து குடித்துப் பார்க்கிறேன், பிடித்திருந்தால் பார் முழுக்க உங்கள் பொறுப்பு என்றார். மாஸ்டருக்குத் தரையில் கால் பாவவில்லை. மறுபடி கோட்டு, மறுபடி கவுண்டர்.

வீட்டில் யாராவது உதவிக்கு இருக்கிறார்களா என்று மறுமுனையில் கேட்டிருக்க வேண்டும். எங்கே குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயந்தோ என்னவோ, மாஸ்டர் அள்ளிவிட்டார். "அவளா? அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க. கிளாஸ் கழுவி வைப்பா, அவ்வளவுதான்." சொன்னதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்கு ஒரு சிரிப்பு வேறு சிரித்தார். அவள் பக்கத்திலேயே நின்று, தைத்த சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க போனா யாரு மோந்து சொல்லுவா?" என்று அன்று சாப்பிடும்போது கேட்டாள்.

"அதெல்லாம் பாத்துக்கலாம். முதல்ல உள்ள நுழையணும்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

பொட்டலத்தில் மீதி இருந்தது ஒரே ஒரு தடவைக்குத்தான் காணும். மாஸ்டர் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். தேயிலை அக்கம்பக்கத்து வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று தெரிந்த மனிதர். சமையலறையில் வெங்காயமும் மசாலாவும் கிடக்கிற இடத்தில் வைப்பாரா? கொண்டுபோய் பீரோவில், தன் கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துப் பூட்டினார். கோட்டைப் பூச்சி அரிக்காமல் இருக்க அந்தத் தட்டில் அவள் அந்துருண்டை போட்டிருந்தாள். பீரோவைத் திறந்தாலே ஆளைத் தூக்கும் அந்த நெடி. யாருக்கு? மூக்கு இருக்கிறவர்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமை கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொட்டலத்தைப் பிரித்து இலையை விஸ்கியில் கொட்டினார். நேரம் பார்த்து, பாட்டிலை அவளிடம் நீட்டினார். அவள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது. அவரை ஏறிட்டுப் பார்த்தாள், அவர் போட்டிருந்த கோட்டையும் பார்த்தாள்.

"என்ன, சரியா வந்திருக்கா?"

"சரியா இருக்கு" என்றாள். "எடுங்க."

வடிகட்டினார். தேன்பாகு விட்டார், ஐஸ் போட்டுக் குலுக்கினார், நாக்கில் வைத்துப் பார்த்தார். இனிப்பும் கசப்பும் கச்சிதமாக நின்றன. கான்ட்ராக்டரும் கேஷியரும் வந்து உட்கார்ந்ததும், அவளே கழுவித் துடைத்துவைத்த கிளாஸ்களில் ஊற்றி, ஆரஞ்சுத் தோலைச் சீவிப்போட்டு நீட்டினார். ஒரு சொட்டு வெளியில் சிந்தவில்லை. அந்த வகையில் அவர் மாஸ்டர்தான்.

கான்ட்ராக்டர் கிளாஸை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு வாய் குடித்துப் பார்த்தார். கீழே வைத்தார்.

"மாஸ்டர், இதை மோந்து பாத்தீங்களா?"

"பாக்காம குடுப்பனா? பாத்துட்டுத்தான் ஊத்தினேன்."

"அந்துருண்டை வாசனை வருதே. பீரோவுக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு."

கேஷியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். கான்ட்ராக்டர் நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. "உடம்பைப் பாத்துக்குங்க. சொல்லி அனுப்புறேன்" என்று எழுந்தார். சொல்லி அனுப்புகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாத வயதா மாஸ்டருக்கு?

அவர்கள் போனதும் மாஸ்டர் காலிப் பொட்டலத்தை எடுத்து முகத்தோடு அழுத்திக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒரு மண்ணும் தெரியவில்லை. முன்னறைக்குப் போனார். அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு வாசனை வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சு."

"என்ன வாசனை?"

"அந்துருண்டை. மூடியைத் திறந்ததுமே வந்துச்சு."

"அப்புறம் ஏன்டி சரியா இருக்குன்னு சொன்ன?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்குத்தான் இதுல ஒண்ணும் தெரியாதே. கிளாஸ் கழுவுறவதானே நான்."

கை ஓங்குகிற மனிதர் இல்லை அவர். கையிலிருந்த காலிப் பொட்டலத்தைக் கசக்கி மூலையில் எறிந்தார். இத்தனை காலம் ஒரே கூரைக்குள் இருந்தவள் இப்படிச் செய்வாளா என்று மனசு எரிந்தது. அவள் சொன்னது அத்தனையும் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை என்பது அதைவிட எரிந்தது. அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது. ஆனாலும் மெஷினை நிறுத்தவில்லை.

மறுநாள் காலையில், கேஷியரைப் பார்த்து இன்னொரு தடவை பேசச் சொல்லலாம் என்று கிளம்பினார். நேற்று கோட்டுக்குள் போட்டிருந்த சட்டை கொடியில் தொங்கியது. எடுத்து முகர்ந்தார். பிறகு, வழக்கம்போல அவள் பக்கம் நீட்டினார்.

"வேர்வை நாத்தம் அடிக்குதா பாரு."

அவள் மெஷினிலிருந்து எழுந்து வந்து முகர்ந்து பார்த்தாள். "இல்ல. போட்டுக்குங்க" என்றாள்.

மாஸ்டர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, போடுவதா வேண்டாமா என்று தெரியாமல், வெகுநேரம் அங்கேயே நின்றார்.