கினோவாவும் நைட்ரஜன் அக்காவும்

2.25. மூன்று முறை சோதித்தும் அந்த எண் அசையவில்லை.

அவருக்கு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருட வேலை. எல்லோருக்கும் அவர் ‘நைட்ரஜன் அக்கா’. தானியத்தை அமிலத்தில் கொதிக்கவைத்து, நைட்ரஜன் சதவீதத்தை அளந்து, அந்தத் தானியத்துக்குரிய ஓர் எண்ணால் பெருக்கினால் புரதம் தெரிந்துவிடும். பெரும்பாலும் வருவது கோதுமை. அதற்கு 5.7.

போன மாதம் வந்தது கினோவா என்ற தென்னமெரிக்க விதை. மாதிரியில் அனுப்பியவர் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். குழந்தைகளின் சத்துமாவுக்கு எடுக்க, புரதம் பதிமூன்று சதவீதமாவது வேண்டும். இவருக்கு வந்தது 12.8. கையெழுத்துப் போட்டார். எண்பது மூட்டைகள் திரும்பிப் போயின.

மூட்டைக்காரி யாரென்று அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார் நாத்தனார்.

“ஏன் அண்ணி, என் விதையில சத்து இல்லன்னு எழுதினது நீங்கதானாமே? கசப்பு போக ஆறு தண்ணி அலசினேன். புரதமும் அதோட ஓடிப்போச்சா?”

கிண்டல்தான், ஆனால் கேள்வி அக்காவைத் தூங்கவிடவில்லை. மறுநாள் குப்பியில் மிச்சமிருந்த விதையை நறுக்கி லென்ஸில் பார்த்தார். கடுகளவு விதை. அதன் விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையமாக முளைக்கரு படுத்திருந்தது. புரதத்தில் பெரும்பங்கு அங்கேதான். உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும், கோதுமையில் குறைவாக உள்ள லைசின் உட்பட, இதில் உண்டு. மக்னீசியமும் இரும்பும் நார்ச்சத்தும் வேறு. இத்தனையும் இந்தத் துளியிலா என்று கண்ணை எடுக்க மனம் வராமல் நின்றார். அலசியதில் வளையத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

விதை சரி. மூன்று முறை சோதித்தும் நைட்ரஜன் அதே 2.25 சதவீதம்தான், ஆக கருவியும் சரி. மிச்சமிருந்தது அவர் விரல்தான். கினோவாவுக்கு 6.25 தட்டியிருக்க வேண்டும், பழக்கத்தில் 5.7 தட்டியிருந்தது. சரியாகப் பெருக்கினால் 14.1.

மேலாளரிடம் தப்பையும் உறவையும் சேர்த்தே சொன்னார். சொந்தத்துக்காக மாற்றினதாகப் பேசுவார்களே என்று மேலாளர் தயங்கினார்.

“அதனாலதான் சார் நான் மாத்தல. வேற கூடத்துக்கு அனுப்புங்க. என் தப்பையும் எழுதியே அனுப்புங்க.”

அங்கே வந்தது 14.2. மூட்டைகள் சத்துமாவுக்குப் போயின.

இதற்கு முன் அவர் கையெழுத்திட்ட கினோவா அறிக்கைகள் பதினொன்று இருக்கின்றன. திங்கட்கிழமை முதல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பெருக்கிப் பார்க்கப் போகிறார்.