தெலுங்குப் படத்துக்கு நான் சொன்ன முடிவு

இலங்கைத் தேயிலை மலையில், கூலி சனங்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்தில் தெலுங்கு தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை எதுவும் இருந்ததில்லை. கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து எனக்குப் பெயரே தெலுங்குக்காரி. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் என் பேச்சைப் பழித்துக் காட்டிச் சிரிப்பார்கள். மாமியாருக்குக் கோபம் வந்தால், "ஒம் பாஷைய ஒங்க ஆத்தா வீட்டோட வச்சுக்க" என்பார்.

முப்பதுகளின் கடைசி அது. தலவாக்கலையில் கூடாரம் அடித்துப் பேசும் படம் காட்டுகிறார்கள் என்று கடைத்தெருவுக்குப் போய்வந்தவர் ஒருவர் சொன்னார். என்ன பாஷைப் படம் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. படம் பேசுகிறது என்றால் தமிழில்தானே பேசும்! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோயிலுக்குப் போவதாகக் கங்காணியிடம் சொல்லிவிட்டு லயத்தில் முக்கால்வாசிப் பேர் நடந்தோம். எனக்கு அப்போது ஏழு மாதம். "நீ வேணாம் புள்ள" என்றார் என் வீட்டுக்காரர். நானா கேட்பேன்?

படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். ஒரு சொல்லும் அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு எல்லாம் விளங்கியது. "ஏங்க, இது எங்க பாஷைங்க" என்று அவர் காதில் சொன்னேன். அவர் எழுந்து நின்று, "சத்தம் போடாதீங்க! எம் பொஞ்சாதி சொல்லுவா, கேளுங்க" என்றார். பழித்துச் சிரித்த முகங்களெல்லாம் என் பக்கம் திரும்பின. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

கதையில் ஒரு ஜமீன்தார். அவன் குதிரை வந்தால் குடியானவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வரப்பை விட்டுச் சேற்றில் இறங்கி நிற்க வேண்டும். நான் இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. எங்களுக்கும் ஏறக்குறைய அதே சட்டம்தான். வெள்ளைக்காரத் துரையின் குதிரை வந்தால் ஆண்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தண்ணீர் ஓடும் பாதையோரக் கானில் இறங்கி நிற்க வேண்டும். பெண்கள் கூடையோடு இறங்க வேண்டும். படத்தில் ஒருவன் இறங்க மறுத்தான். அடியாட்கள் நாலைந்து பேரைத் தூக்கி எறிந்தான். எங்கள் ஆட்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள்.

பிறகு முடிவு வந்தது. ஜமீன்தார் துப்பாக்கியோடு குதிரையில் வருகிறான். இவன் நடுவழியில் நிற்கிறான். ஊரே ஓடி வந்து கைகளைத் தூக்கிக் கத்துகிறது. அவர்கள் தெலுங்கில் கத்தியது இதுதான்: "இவனுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை சாமி, இவனைத் துரத்திவிடுங்கள், எங்களைக் காப்பாற்றுங்கள்." ஊர் அவனைக் கைவிட்டதே போதுமென்று ஜமீன்தார் குதிரையைத் திருப்பிக்கொண்டு போகிறான். இவன் தனியாகப் பாதையில் நடந்து போகிறான். அவ்வளவுதான் படம்.

என் வீட்டுக்காரர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னா சொல்றாங்க, சொல்லு புள்ள" என்றார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். எனக்கு மனசு வரவில்லை. "இவன் மேல கை வச்சா நாங்க அத்தன பேரும் சாவோம்னு ஊரே சொல்லுது. ஜமீன்தாரு பயந்து ஓடுறான். இவன் அடுத்த ஊருக்குச் சொல்லப் போறான்" என்றேன். கூடாரம் கிழியும்படி கைதட்டினார்கள். திரும்பும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் பின்னால் தனியாக நடந்து வந்தார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறிக்கொண்டிருந்தோம். துரையின் குதிரை வளைவில் திரும்பியது. எல்லோரும் கானில் இறங்கினோம். என் வீட்டுக்காரர் மட்டும் இறங்கவில்லை. தலைப்பாகையையும் அவிழ்க்கவில்லை. எங்களைத் திரும்பிப் பார்த்து, "ஏறி வாங்க! எல்லாரும் ஏறுனா என்னா செஞ்சிருவான்?" என்று கூப்பிட்டார்.

ஒருவரும் ஏறவில்லை. விசிலடித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் ஏறவில்லை. படத்தில் அந்த ஊரும் அவனோடு நிற்கவில்லை என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதானே.

துரை அவரை அடிக்கவில்லை. கணக்கப்பிள்ளையிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனான். மத்தியானத்துக்குள் எங்கள் இரண்டு பேரின் பெயரையும் வெட்டி, வேலையை விட்டு நீக்கியதற்கான பத்துச்சீட்டைக் கையில் கொடுத்தார்கள். அந்திக்குள் லயத்தில் நாங்கள் குடியிருந்த காம்பராவைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்தச் சீட்டைப் பார்த்த எந்தத் தோட்டமும் எங்களைச் சேர்க்கவில்லை. மஸ்கெலியா வரை நடந்து பார்த்தோம். கடைசியில் ஹட்டனில் நாயினா என்று எல்லோரும் கூப்பிட்ட அரிசி வியாபாரி ஒருவரின் கடைப் பின்கொட்டிலில் ஒண்டினோம். என் வீட்டுக்காரர் அங்கே மூட்டை தூக்கினார். பிள்ளை அந்தக் கொட்டிலில்தான் பிறந்தது. பெண். மூன்று நாள் இருந்தது.

அவர் துரையை ஒருநாளும் திட்டியதில்லை. "தொரைய விடு, அவன் தொரை. நம்ம சனத்துக்கு என்னா வந்துச்சு? அந்த ஊரு சனம் எப்படி நின்னுச்சு!" என்பார். பழைய லயத்திலிருந்து ஒருத்தி, நான் தங்கச்சி என்று கூப்பிட்டவள், குழந்தைக்குச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு தேடி வந்தாள். குழந்தை செத்தது அவளுக்குத் தெரியாது. அவர் சட்டையை வாங்கித் தெருவில் வீசினார். "அண்ணே, எங்களுக்குப் புள்ளகுட்டி இருக்குதுண்ணே" என்று அழுதுகொண்டே போனாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்ல வேண்டியவள் நான். உள்ளே நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் என்னை நானே வெறுக்கிறேன்.

படத்தின் உண்மையான முடிவை அவரிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். சொன்னால் அவரிடம் என்ன மிஞ்சும்? எங்கோ ஓர் ஊர் எழுந்து நின்றது என்ற ஒன்றைத் தவிர அந்த மனிதரிடம் வேறெதுவும் இல்லை. வேலையும் வீடும் பிள்ளையும் போனது என் வாயால். அதையும் நானே பிடுங்கவா?

நெஞ்சுச் சளியில் படுத்தவர் பிறகு எழவில்லை. கடைசி நாட்களில் ஒரு காலை, "அந்தக் கடைசிக் கட்டத்த இன்னொருக்கா சொல்லு புள்ள" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஒரு சொல்கூட மாற்றாமல், கூடாரத்தில் சொன்ன பொய்யையே சொன்னேன்.