இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே

பனிக்கடுமையான சுரங்க நகரம் கரகண்டாவில், ஐந்தாம் மாடி வீட்டில் குல்ஷரா வளர்த்தது ஈ தின்னும் செடி. ரோஜா வளர்க்கக் கூடாதா என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்தார்கள். வாயைத் திறந்துவைத்துக்கொண்டு காத்துக் கிடக்கும் அந்தப் பிறவியை அவளுக்கு ஏனோ பிடித்துப்போயிற்று.

குளிர்காலத்தில் அது தூங்க வேண்டும். தூங்காவிட்டால் வசந்தத்துக்குள் செத்துவிடும். முதல் செடி அப்படித்தான் போனது. பால்கனியில் வைத்தால் ஒரே ராத்திரியில் உறைந்துபோகும். வீட்டுக்குள்ளோ, நகரத்துக் கொதிகலன் அனுப்பும் வெந்நீர்க் குழாய் ஆளை அவித்துவிடும். அதைக் குறைக்க யாருக்கும் வழியில்லை. மிச்சம் ஒரே இடம், கூடத்து ஜன்னலின் இரட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள சாண் இடைவெளி. வெண்ணெயும் குதிரை இறைச்சியும் வைக்கிற அந்தச் சந்தில் நவம்பரில் தொட்டியை இறக்கினாள். குழாய்த் தண்ணீர் ஆகாது என்பதால் வாரம் ஒருமுறை பனியை உருக்கி ஊற்றினாள்.

அவள் கணவர் அமான்கெல்தி, இருபத்தாறு வருஷம் சுரங்கத்தில் கரித்தூசி தின்றவர். குளிர்காற்று பட்டால் மூச்சு அடைக்கும். அவரை விட்டுவிட்டு ஒன்பது வருஷமாக அவள் ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. ஷிம்கென்டில் தங்கை மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. நல்ல மனுஷர்தான். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

ஒவ்வொரு குளிர்காலமும் ஜன்னல் இடுக்குகளில் பஞ்சு அடைத்து, சோப்பு தடவிய காகிதப் பட்டைகளை ஒட்டுவது அவள் வேலை. இந்த வருஷம் கூடத்து ஜன்னலை மட்டும் விட்டிருந்தாள். டிசம்பரில் ஒருநாள் மருந்து வாங்கித் திரும்பினால், அதையும் அவர் ஒட்டி முடித்து மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தார்.

"செடிதான் கறுத்துப் போச்சே. செத்ததை மார்ச் மாசப் பண்டிகைக்கு ஜன்னல் திறக்குறப்போ தூக்கிப் போட்டுக்கலாம், கிழவி."

சாகவில்லை, தூங்குகிறது என்று சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி இரண்டு மணி நேரம் நிற்கவில்லை. அதற்குமேல் என்ன பேசுவது? தினமும் கண்ணாடி வழியே பார்த்தாள். மூன்றாம் வாரம், தொட்டியில் மண்ணுக்குப் பதில் இட்டிருந்த பாசி காய்ந்து வெளுக்கத் தொடங்கியது.

அன்று பனியை உருக்கிக் கிண்ணத்தில் எடுத்து, கத்தியோடு வந்தாள்.

"சமையலறைக்குப் போங்க. கதவைச் சாத்திக்கோங்க. பத்து நிமிஷம்."

"என்னைக் கொல்லப் பாக்குறியா?"

"போங்கன்னு சொன்னேன்."

அவர் தேநீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். அவள் காகிதத்தைக் கீறி, பஞ்சைப் பிடுங்கி, ஜன்னலின் உள்கண்ணாடிக் கதவைத் திறந்தாள். கறுத்த இலைகளுக்கு அடியில் விரல் விட்டு அழுத்தினாள். கிழங்கு கெட்டியாக இருந்தது. உயிர் இருக்கிறது. தண்ணீரை ஊற்றினாள். இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது. வெளிக்கண்ணாடிக் கதவையும் ஒரு விரற்கடை திறந்து, அந்த இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

"முடிஞ்சுதா?" என்று உள்ளிருந்து கேட்டார்.

"இன்னும் இல்ல," என்றாள்.

அப்புறம் இருமல் கேட்டது. கதவுகளைச் சாத்தி, பஞ்சு அடைத்து, புதுப் பட்டைகளைத் தன் கையாலேயே ஒட்டினாள். ஒட்டும்போது அழுகை வந்தது. செடிக்கு இந்த அடைப்பு மார்ச் வரைதான். கத்தியை உள்ளே கொண்டுபோகாமல் ஜன்னல் கட்டையிலேயே வைத்தாள், அடுத்த வாரத்துப் பத்து நிமிஷத்துக்கு.