ஸ்டியரிங்கை ஆட்டிய கை

ஆறாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். அப்பாவு கோதண்டத்துக்குத் தரவேண்டிய பாக்கி அவ்வளவுதான். அந்தப் பணத்துக்காகக் கோதண்டம் செய்த காரியத்தையும், அப்புறம் அவன் ஷெட்டில் நடந்ததையும் சொன்னால் கட்டுக்கதை என்பீர்கள். கட்டுகிறவன் தன் மானத்தைக் காப்பாற்றுகிற மாதிரி கட்டுவான். இதில் கோதண்டத்தின் மானம்தான் போகிறது. அதனால்தான் நம்பச் சொல்கிறேன்.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில் நடந்தது.

ஆவடியிலிருந்து வெள்ளானூர் போகிற வழியில் ஒரு தகர ஷெட். அதில்தான் கோதண்டம் வண்டி பழுது பார்க்கிறான். அப்பாவு புது வீடுகளுக்கெல்லாம் தண்ணி கேன் போடுகிறவன். அவனுடைய பழைய பிக்கப் வண்டிதான் அவனுக்கும், பெண்டாட்டி லோகநாயகிக்கும், மகள் ரேவதிக்கும் சோறு போட்டது. அந்த வண்டிக்கு முன்பக்கம் மொத்தமும் தேய்ந்துவிட்டது. நேராகப் பிடித்தாலும் குடித்தவன் நடப்பது போலப் போகும். கோதண்டம் கழற்றிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகப் போட்டான். அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷை மாற்றினான். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பியின் இரண்டு நுனியிலும் மூட்டு இருக்கும், டை ராட் எண்ட் என்பார்கள். அதையும் மாற்றினான்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவு வெறுங்கையோடு வந்தான்.

"திங்கக்கெழம குடுத்துடறேன் அண்ணாத்தே."

"எந்தத் திங்கக்கெழம நைனா? மாசத்துக்கு நாலு வருது."

"இந்தத் தபா நெஜமா."

"தண்ணி வித்துகினு கீற. காசு மட்டும் ஆவியா பூடுதா?"

பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவுவும் சிரித்தான். தரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். கோதண்டம் வண்டியைப் பூட்டி, ஸ்டியரிங்குக்கும் லாக் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அப்பாவு நடந்தே வீட்டுக்குப் போனான்.

ராத்திரியெல்லாம் கோதண்டத்துக்கு வயிறு எரிந்தது. ஞாயிறு காலையில் ஒரு யோசனை வந்தது. புது மூட்டு இரண்டும் இன்னும் ரோட்டில் ஓடவில்லை. துடைத்து டப்பாவில் போட்டால் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்வான். தேய்ந்துபோன பழையதையே மாட்டி, உள்ளே கிரீஸை அடைத்துவிட்டால் பத்து நாளைக்குச் சத்தம் வராது. பதினோராவது நாள் அது ஓட்டத்தில் கழன்றால் சக்கரம் ஒரு பக்கம் போகும், வண்டி ஒரு பக்கம் போகும். கோதண்டத்துக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்தான்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சாக்கை விரித்து அடியில் படுத்தான். வலது பக்கத்துப் புது மூட்டைக் கழற்றினான். பழையதை மாட்டினான். மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும். தகரம் கொதித்தது.

"அண்ணாத்தே..."

திரும்பினான். ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள். நீல ரப்பர் செருப்பு. அப்பாவுதான்.

 கழற்றிய புது மூட்டைக் கோதண்டம் அவசரமாகச் சாக்குக்கு அடியில் தள்ளினான்.

"இன்னாப்பா இந்த வெயில்ல?"

"வண்டியப் பாக்க வந்தேன்."

"சும்மா செக் பண்ணிக்கினு கீறேன்."

"நான் மேல குந்தி ஆட்டட்டா?"

மெக்கானிக்குகள் எல்லாரும் செய்கிற சோதனைதான் அது. ஒருத்தன் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடதும் வலதுமாக ஆட்டுவான். இன்னொருத்தன் அடியில் படுத்து மூட்டின்மேல் கையை வைத்துப் பார்ப்பான். ஆட்டம் இருந்தால் கைக்குத் தெரிந்துவிடும். வேண்டாம் என்று சொல்லக் கோதண்டத்துக்கு வாய் வரவில்லை. சொன்னால் சந்தேகம் வருமே.

"ஆட்டு" என்றான்.

டக்... டக்...

வலது பக்கத்துப் பழைய மூட்டு கைக்குள் குதித்தது.

"சத்தம் கேக்குதே அண்ணாத்தே."

"கிரீஸ் இல்ல. அடிச்சா பூடும்."

டக்... டக்...

"புதுசு போட்டியே. இன்னும் கேக்குதே."

 கோதண்டத்தின் முகத்தில் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. வெட்கமா, வெயிலா, அவனுக்கே தெரியவில்லை.

"சரி, போதும். நிறுத்து."

டக்... டக்...

"நிறுத்துப்பா!"

டக்... டக்... டக்...

புரண்டு படுத்தான். மார்பில் ஏதோ குத்தியது.

சாவி.

வண்டியின் சாவி.

அது அவன் பையில் இருந்தது. கதவு பூட்டியிருந்தது. ஸ்டியரிங்கும் பூட்டியிருந்தது.

கதவு திறந்த சத்தமே கேட்கவில்லையே...

பாதி இறக்கிய ஷட்டருக்குள் அவன் குனிந்து வந்ததையும் பார்க்கவில்லையே...

கோதண்டம் வெளியே உருண்டான். எழுந்தான்.

கண்ணாடி ஏற்றியிருந்தது. சீட்டில் யாரும் இல்லை.

ஸ்டியரிங் மட்டும்...

இடது...

வலது...

இடது...

நின்றது.

ஷட்டரில் தலை மோதியதுகூடத் தெரியாமல் ஓடினான். டீக்கடை பெஞ்சில் போய் விழுந்தான். கையில் கிரீஸோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அப்பாவுவின் மகள் ரேவதி.

"மாமா... அப்பா பூட்டாரு."

"இன்னாம்மா சொல்ற? இப்பதானே..."

"காலைல எட்டு மணிக்கே மாமா. வண்டி இல்லன்னு மூணு சக்கர மீன்பாடி வண்டியில கேன் ஏத்திகினு மிதிச்சிகினு போனாரு. நெஞ்சப் புடிச்சிகினு குந்துனாரு. அவ்ளோதான். டாக்டர் வந்து பாத்துட்டு இல்லன்னுட்டாரு."

வண்டி இல்லன்னு. அந்த ஒரு வார்த்தைதான் கோதண்டத்தின் காதில் நின்றது. டீக்காரர் ஏதோ கேட்டார். தலை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேற்று அப்பாவுவைக் கிண்டல் செய்து இதே கடையில் நின்றவர்களைச் சிரிக்க வைத்திருந்தான்.

அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். ஆள் யாரையாவது கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் கூட வருகிறவன் சாக்கைத் தூக்கினால் புது மூட்டைப் பார்த்துவிடுவான். அதற்குப் பேயே தேவலாம். தனியாகவே திரும்பினான்.

மறுபடியும் அடியில் படுத்தான்.  பழையதைக் கழற்றி எறிந்தான். புதியதை மாட்டினான். நட்டை இறுக்கினான். பின்னைச் செருகி வளைத்தான்.

வேலை முடிந்தது. ஆனால் ஆட்டிப் பார்க்காமல் அனுப்பக்கூடாது. அதுதான் முறை.

மேலே ஆள் இல்லை.

மூட்டின்மேல் கையை வைத்தான். கண்ணை மூடினான்.

"அப்பாவு... ஒரே ஒரு தபா ஆட்டுப்பா."

ஒன்றும் இல்லை.

வெயிலில் தகரம் சடசடக்கிற சத்தம் மட்டும்.

அப்புறம்...

கம்பி நகர்ந்தது. இடது. வலது.

சத்தமே இல்லை.

மூன்று மணிக்கு வண்டியை அவனே ஓட்டிக்கொண்டு போய் அப்பாவுவின் வீட்டு முன் நிறுத்தினான். வண்டி கோடு போட்டது போல நேராக வந்தது. பந்தலில் ஐஸ் பெட்டி. லோகநாயகி தலைமாட்டில் இருந்தாள். சாவியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான்.

"அண்ணா, உன்னாண்ட ஒண்ணு சொல்றேன். இவங்க யாரும் நம்ப மாட்றாங்க" என்றாள்.  "உச்சி வேளைல அவரு கை ஆடுச்சு. பொட்டிக்குள்ள. ரெண்டு கையும். இப்டி... இப்டி..."

நெஞ்சுக்கு நேரே இரண்டு கையையும் வட்டமாகப் பிடித்து, இடதும் வலதுமாக ஆட்டிக் காட்டினாள்.

"உசுரு கீதுன்னு கத்துனேன். டாக்டர் மறுபடி வந்தாரு. எப்பவோ பூட்சு, ஐஸ் பொட்டி மோட்டார் அதிருது, அதான்னாரு. ரெண்டு மணி வாக்குல இன்னொரு தபா. இடதுல ஒண்ணு, வலதுல ஒண்ணு. அதோட சரி."

கோதண்டம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டான். பெட்டிக்குள் பார்க்கத் தைரியம் இல்லை.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"பாக்கி ஆறாயிரத்துச் சொச்சம்னு ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தாருண்ணா. கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடறோம்..."

"பாக்கி இல்லம்மா."

"இல்லண்ணா, அவரு சொன்னாரே..."

"அவரு தீத்துட்டாரும்மா" என்றான் கோதண்டம். "இன்னிக்கி மதியம்."